உத்தனப்பள்ளி எழுப்பும் கேள்வி

கிருஷ்ணகிரி ஜில்லா சூளகிரி தாலூகாவைச் சேர்ந்த உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளின் குடியானவர்கள், 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உத்தனப்பள்ளி வருவாய் ஆய்வாளர் அலுவலகத்தின் முன்பாக வந்து உட்கார்ந்தார்கள். அங்கே மாதக் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். சிப்காட் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் அப்பகுதியில் ஐந்தாவது தொழிற்பேட்டை ஒன்றை ஏற்படுத்துவதற்காக, அவ்வூர்களில் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஆர்ஜிதம் செய்ய முற்பட்டதே அதற்குக் காரணம். வந்து உட்கார்ந்தவர்கள் நஷ்டஈட்டை உயர்த்திக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நிலத்தையே கொடுக்க இசையோம் என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சர்க்கார் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதே இன்று நம் முன்னுள்ள கேள்வி. மூன்று ஊராட்சிகளோடு முடிந்துவிடும் கேள்வியன்று இது. தமிழ்நாட்டில் ஒரு துண்டு நிலமாவது வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வந்து தொடக்கூடிய கேள்வி. ஆகையால் நமது வாசகர்கள் இதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டுமென்று விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பூமி எத்தகையது என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஓசூர், சூளகிரி மேட்டுநிலம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. செம்மண் பூமி, மிதமான சீதோஷ்ணம். ராகியும் அவரையும் துவரையும் அங்கே பழம் பயிர்கள். கிணறும் குழாய்க் கிணறும் வந்த பிறகு தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ், கொத்தமல்லி, புதினா ஆகியவையும் ரோஜாவும் பெருகின. சூளகிரிக் கொத்தமல்லிக் கட்டும், ராயக்கோட்டைத் தக்காளியும், ஓசூர் ரோஜாவும் சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரி லாரியாகச் செல்வதை அந்த நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்தவர்கள் அறிவார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஜனங்கள் அங்கே வசிக்கிறார்கள். மொழிவாரி எல்லைகள் வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவர்கள் ஒரே ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு, ஒரே சந்தையில் விற்று, ஒரே கோயில் தேரை இழுத்து வாழ்ந்து வருகிறார்கள். தரிசு பூமியைத் தொழிலுக்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று இவர்களைப் பற்றி யாரேனும் சொன்னால், அவர் அந்தப் பக்கம் போனதேயில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்த ஜில்லாவின் சரித்திரத்திலேயே ஒரு விசேஷமுண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமஹால் பிரதேசம் கும்பினியாரின் வசம் வந்தது. அதை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் 1799 வரையில் இங்கே நிலங்களை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்தார்கள். 1799-ல் திப்பு மடிந்த பிறகு ஓசூர்ச் சீமையும் கும்பினியாரிடம் சேர்ந்தது. சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே ஜமீன்தார் இல்லாமல், குடியானவனோடு சர்க்கார் நேரே கணக்கு வைத்துக் கொள்ளும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. பிற்காலத்தில் மன்றோ சென்னை ராஜதானியின் கவர்னரானபோது இராஜதானியின் பெரும்பகுதியில் பரவியதும் அதுவே. அன்னிய ஆட்சி தன் வருமானத்துக்காகச் செய்த ஏற்பாடு அது என்பதையும், தீர்வையின் பளுவால் எத்தனையோ குடிகள் நொந்தார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு வாக்குறுதி அடங்கியிருந்தது. கிஸ்தியைக் கட்டிவருகிற வரையில் நிலம் உன்னுடையது. உன்னை அதிலிருந்து கிளப்ப ஒருவருமில்லை என்பதே அந்த வாக்குறுதி. குடியானவன் இரண்டு நூற்றாண்டுகளாகத் தன் பாகத்தை நிறைவேற்றி வந்திருக்கிறான். சுயராஜ்ய சர்க்கார் தன் பாகத்தை நிறைவேற்றுகிறதா என்று அவன் இன்று கேட்கிறான்.

நாம் தொழில் விருத்திக்கு விரோதிகளல்ல. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்த நாள் தொட்டு, தேசம் தன் காலில் நிற்க வேண்டுமானால் யந்திரத் தொழில்கள் பெருக வேண்டும் என்பது தேசீயவாதிகள் சொல்லி வந்த விஷயந்தான். 1971-ல் சிப்காட் ஸ்தாபிக்கப்பட்டு, அந்தப் பத்தாண்டுகளிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டதும், அதன் பின்னே லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் முதலியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் வந்ததும், மழையை நம்பிக் கிடந்த ஒரு பின்தங்கிய தாலூகாவின் முகத்தை மாற்றின என்பதை ஒப்புக்கொள்ளாமலிருப்பது நியாயமாகாது. தர்மபுரி, சேலம் ஜில்லாக்களிலிருந்தும், இன்னும் தூரத்திலிருந்தும் வந்த வாலிபர்கள் அங்கே ஜீவனம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சமீப வருஷங்களில் மின்சார வாகனங்களும், கைத்தொலைபேசி உறுப்புகளும் செய்யும் ஆலைகள் வந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் வேலை கொடுத்திருக்கின்றன. இவையெல்லாம் உண்மை.

சர்க்கார் தரப்பில் சொல்லப்படும் வாதத்தையும் நியாயமாக எடுத்துக் கூறுவோம். பெங்களூர் நகரம் அருகில் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காமல் வெளியே வரும் மூலதனம் எல்லைக்கு இப்பால் வராவிட்டால் அப்பால் கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ தங்கிவிடும். பெரிய ஆலைக்காரர்கள் ஒரே தொகுப்பாக நூற்றுக்கணக்கான ஏக்கர் கேட்கிறார்கள். சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்கள் அவர்களுக்கு உதவா. சர்க்கார் குறுக்கிட்டுத் தொகுத்துக் கொடுக்காவிட்டால், தரகர்கள் குறுக்கிட்டுக் குடியானவனை ஏமாற்றிவிடுவார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, நஷ்டஈடு சட்டப்படி தாராளமாகக் கொடுக்கிறோம் என்கிறார்கள். இவ்வாதத்தில் பொருளில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தொழிலுக்கு நிலம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டால், எந்த நிலமானாலும் எவருடைய நிலமானாலும் அவர் சம்மதமின்றியே எடுத்துக் கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வாக்கியத்திற்குத் தாவுவதற்கு நடுவில் பாலம் ஒன்றும் நமக்குத் தென்படவில்லை.

நஷ்டஈட்டின் லட்சணத்தைப் பார்ப்போம். பத்திரப் பதிவு இலாகாவின் வழிகாட்டி மதிப்பும், அதே பகுதியில் நடந்த கிரயப் பத்திரங்களில் எழுதப்பட்ட தொகைகளுமே நஷ்டஈட்டுக் கணக்கின் அஸ்திவாரம். பத்திரத்தில் எழுதுகிற தொகைக்கும் கைமாறுகிற தொகைக்கும் உள்ள தூரம் எவருக்கும் தெரியாத ரகசியமன்று. அந்தக் குறைந்த தொகையை எத்தனை மடங்காகப் பெருக்கினாலும், தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற செய்தி பரவிய மறுநாளே பக்கத்து ஊரில் நிலத்தின் விலை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஐந்து ஏக்கர் கொடுத்தவன் அந்தப் பணத்தைக் கொண்டு அதே சீமையில் இரண்டு ஏக்கராவது வாங்க முடியுமா என்பது சந்தேகம். பணம் பங்காளிகளுக்குள் பிரிந்து, கடன், கல்யாணம், வீடு, வண்டி என்று கரைந்த பிறகு, நேற்றுவரை நாலு பேருக்கு வேலை கொடுத்தவன் நாளைக்குத் தானே வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

இதுவும் பட்டாதாரனுடைய கதி மாத்திரமே. பட்டாவில் பெயர் இல்லாதவர்களின் கதி என்ன? வாரத்துக்கு உழுபவன், தக்காளி பறிக்கும் கூலிப் பெண், விடியற்காலையில் ரோஜா கொய்பவள், மேய்ச்சல் நிலத்தை நம்பி ஆடு மாடு வளர்ப்பவன், கொத்தமல்லிக் கட்டைத் தலையில் சுமந்து சந்தைக்குக் கொண்டு போகிறவள், தலைமுறையாகப் புறம்போக்கில் குடிசை போட்டு வசிப்பவன் ஆகிய இவர்களுக்கும் அந்த நிலத்தில் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையை எழுதிவைத்த தஸ்தாவேஜுதான் இல்லை. நிலம் போனால் பட்டாதாரனுக்கு ஒரு காசோலையாவது மிஞ்சும். இவர்களுக்கு வழிதான் மிஞ்சும்.

ஆலை வந்தால் அங்கேயே வேலை கிடைக்குமே என்கிறார்கள். கிடைப்பது யாருக்கு? இன்றைய ஆலை இருபது வயது, இருபத்தைந்து வயது வாலிபரைத்தான் கேட்கிறது. அதிலும் தொழிற்பயிற்சி பெற்றவரைக் கேட்கிறது. ஐம்பது வயது வரையில் ஏர் பிடித்த கைக்கு அங்கே காவற்காரன் உத்தியோகம் கிடைத்தால் பாக்கியம். நிரந்தர வேலைக்குப் பதிலாகக் காண்டிராக்ட் முறை வளர்ந்துவரும் காலத்தில், நிலம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலையும் எத்தனை வருஷத்து வேலை என்று எவர் உத்தரவாதம் கொடுப்பார்? தலைமுறை தலைமுறையாக ஜீவனம் தரும் ஒன்றை வாங்கிக்கொண்டு, சில வருஷங்களுக்கு மாத்திரம் சம்பளம் தருவதைச் சமமான பண்டமாற்று என்று சொல்ல நம்மால் ஆகவில்லை.

தண்ணீரின் விஷயமும் உண்டு. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேரும்போது, நகரத்தின் கழிவையும் ஆலைகளின் கழிவையும் சுமந்துகொண்டு வெண்ணுரை பொங்கப் பாய்வதை ஓசூர் ஜனங்கள் வருஷந்தோறும் பார்த்து வருகிறார்கள். மேலே ஒரு நகரம் செழித்ததற்கு விலை கொடுத்தது கீழே உள்ள வயல் என்று அவர்களுக்கு ஒருவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தங்கள் ஏரிக்கும் கிணற்றுக்கும் அதே கதி நேருமோ என்று அவர்கள் அஞ்சினால், அதை அறியாமை என்று தள்ளிவிடுவது பெரிய அநீதி.

இனி சட்டத்தின் கதையைக் கேளுங்கள். தேச ஊழியர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய கதை அது. 1894-ல் வெள்ளைக்காரர் செய்த நில ஆர்ஜிதச் சட்டம், பொதுக் காரியம் என்று சர்க்கார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ள இடங்கொடுத்தது. சுதந்திரம் வந்து அறுபத்தாறு வருஷங்கள் கழித்தே அதற்குப் பதிலாக 2013-ஆம் வருஷத்துச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. நஷ்டஈட்டை உயர்த்தியதோடு அச்சட்டம் நின்றுவிடவில்லை. நிலத்தை எடுப்பதால் ஊருக்கு நேரும் நன்மை தீமைகளை முதலில் விசாரித்து வெளியிட வேண்டும் என்றது. தனியார் கம்பெனிக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு 80 பேரும், சர்க்காரும் தனியாரும் கூடிச் செய்யும் காரியமானால் நூற்றுக்கு 70 பேரும் முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும் என்றது. பாசன வசதியோடு பல போகம் விளையும் பூமியை வேறு வழியே இல்லாவிட்டால்தான் தொடலாம் என்றது. எடுத்த நிலத்தை ஐந்து வருஷம் சும்மா போட்டு வைத்தால் திருப்பிவிட வேண்டும் என்றது.

குடியானவனுக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடைத்ததா என்று மகிழ்ந்தீர்களானால், தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதையும் கேட்கவேண்டும். தொழில் காரியங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் வருஷத்து ராஜ்யச் சட்டத்தையும், வேறு இரண்டு ராஜ்யச் சட்டங்களையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி, 105-ஏ என்ற பிரிவை 2015-ல் நமது சட்டசபை நுழைத்தது. நஷ்டஈடும் மறுவாழ்வும் பற்றிய அட்டவணைகள் மாத்திரம் பொருந்தும். விசாரணையும் சம்மதமும் வேண்டியதில்லை என்று ஆயிற்று. 2019 ஜூலை 3-ந் தேதி சென்னை ஹைகோர்ட் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அம்மாதமே சட்டசபை கூடி, அச்சட்டங்களுக்கு உயிர் கொடுக்கும் மற்றொரு சட்டத்தை முன் தேதியிட்டு நிறைவேற்றியது. 2021 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது. ஆகவே, வடநாட்டில் ஒரு குடியானவனுக்கு மத்தியச் சட்டம் கொடுக்கும் சம்மத உரிமை, சிப்காட்டுக்காக நிலத்தை இழக்கும் சூளகிரிக் குடியானவனுக்குக் கிடையாது.

போதாததற்கு, 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்காக ஏரி, ஓடை, குளம் அடங்கிய நிலங்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபையில் நிறைவேறியது. 1997-ல் சட்டம் பிறந்தது ஒரு கட்சியின் ஆட்சியில்; 2015-லும் 2019-லும் அதைக் காப்பாற்றியது எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்த மற்றொரு கட்சி; 2023-ல் ஏரியையும் சேர்த்துக்கொண்டது மறுபடியும் முதற் கட்சி. எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது குடியானவனுக்காகக் கண்ணீர் விடுவதும், ஆட்சிப் பீடம் ஏறியவுடன் அதே குடியானவனுக்கு நோட்டீஸ் அனுப்புவதும் நமது அரசியலின் வழக்கமாகிவிட்டது. இதை எந்த ஒரு கட்சியின் குற்றமாகவும் நாம் கூறவில்லை. எல்லோருக்கும் பொதுவான குற்றத்திற்கு ஒருவரும் பொறுப்பாளியாகாமல் தப்பித்துக் கொள்வதுதான் இதிலுள்ள அபாயம்.

கோர்ட்டே ஒப்புக்கொண்டபின் பேச்சென்ன என்று சிலர் கேட்கலாம். கோர்ட் பார்ப்பது சட்டசபைக்கு அதிகாரம் உண்டா என்பதை. அந்த அதிகாரத்தை இவ்விதம் உபயோகிப்பது தர்மமா என்று கேட்க வேண்டியவர்கள் ஜனங்கள். அன்னியர் ஆட்சியில் நடந்ததெல்லாம் சட்டப்படியே நடந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

தேசீய இயக்கம் இத்தகைய கேள்வியை முன்னரே சந்தித்திருக்கிறது. 1921-ல் புனாவுக்கு அருகே முல்ஷிப் பள்ளத்தாக்கில் டாட்டா கம்பெனியார் மின்சாரம் எடுப்பதற்காக அணை கட்ட முற்பட்டார்கள். கம்பெனியோ சுதேசிக் கம்பெனி. மின்சாரமோ பம்பாய் ஆலைகளுக்கு. நிலத்தை எடுத்துக் கொடுத்ததோ பம்பாய் சர்க்கார், 1894-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பலத்தால். நெல் வயல்களையும் வீடுகளையும் இழக்கவிருந்த மாவளக் குடியானவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். பாண்டுரங்க மகாதேவ பாபட் அதற்குத் தலைமை வகித்துச் சிறை சென்றார்; சேனாபதி என்ற பட்டம் அவருக்கு அந்தப் போராட்டத்தில் கிடைத்ததே. அணை கட்டப்பட்டது, குடிகள் தோற்றார்கள். நகரங்களில் வசித்த நிலச் சொந்தக்காரர்கள் பலர் நஷ்டஈட்டுக்கு இசைந்துவிட, உழுதவர்கள் தனித்து நின்றார்கள் என்பதும் அந்தச் சரித்திரத்தின் ஒரு பாடம். ஆயினும் முதலாளி சுதேசியா விதேசியா என்று மாத்திரம் பார்த்தால் போதாது, ஏழைக் குடியானவன் கதி என்ன என்றும் பார்க்க வேண்டும் என்று நூறு வருஷங்களுக்கு முன்பே தேச பக்தர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு முல்ஷி சாட்சியாக இருக்கிறது.

சூளகிரிக்கு மிகவும் அருகிலேயே தொரப்பள்ளி கிராமம் இருக்கிறது. 1878 டிசம்பர் 10-ந் தேதி சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் பிறந்தது அங்கேதான். கிராம முன்சீப்பின் வீட்டில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் தேசத்தின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்ததைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாகக் காத்து வருகிறோம். ஒரு பெரியவர் பிறந்த வீட்டைக் காப்பாற்றுவது தக்க காரியமே. அந்த வீட்டைச் சுற்றியுள்ள சீமையில் உழுது பிழைப்பவர்களின் வீடுகளுக்கும் அந்த மரியாதையில் ஒரு சிறு பங்காவது உண்டு என்று நாம் கருதுகிறோம்.

எதிர்ப்பவர்களை அடக்குமுறையால் வெல்லலாம் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வரலாகாது. திருவண்ணாமலை ஜில்லாவில் செய்யாறு சிப்காட் விஸ்தரிப்புக்காக மேல்மா முதலிய கிராமங்களில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்க முற்பட்டபோது, 2023 ஜூலை முதல் அங்குள்ள குடிகள் போராடினார்கள். அவ்வருஷம் நவம்பரில் அவர்களில் ஏழு பேர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் பிரயோகிக்கப்பட்டது. தேசமெங்கும் கண்டனம் எழுந்த பின்னர், சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான உத்தரவை வாபஸ் வாங்க நேர்ந்தது. கள்ளச் சாராயம் காய்ச்சுவோரையும் ரவுடிகளையும் அடக்குவதற்காக 1982-ல் செய்யப்பட்ட சட்டத்தைத் தன் வயலைக் கொடுக்க மறுத்தவன்மீது வீசியது, நமது பொது வாழ்வுக்கு நேர்ந்த தலைகுனிவு. அது கிருஷ்ணகிரி ஜில்லாவில் மாத்திரமல்ல, எங்குமே இனி நடக்கக்கூடாது.

பலாத்காரமாக நிலத்தை எடுப்பது தொழிலுக்காவது நன்மை செய்கிறதா? வங்காளத்தில் சிங்கூரைப் பாருங்கள். 2006-ல் மோட்டார் ஆலைக்காக 997 ஏக்கரை அங்குள்ள சர்க்கார் எடுத்தது. குடிகள் எதிர்த்தார்கள், 2008 அக்டோபரில் ஆலைக்காரர் வேறு ராஜ்யத்திற்குப் போய்விட்டார்கள். 2016 ஆகஸ்டு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த ஆர்ஜிதமே செல்லாது என்று சொல்லி, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. பத்து வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்த நிலத்தில் சிமெண்டும் ஜல்லியும் கிடந்தன. ஆலையும் இல்லை, விளைச்சலும் இல்லை. முதலில் சம்மதம் கேட்பது காலதாமதம் என்று நினைக்கும் அதிகாரிகள், சம்மதம் கேளாததால் ஏற்பட்ட இந்தப் பத்து வருஷக் காலதாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக.

கடல் கடந்த தமிழரின் அனுபவம் ஒன்றும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. மலேசியாவில் பினாங்குத் தீவில் கம்போங் புவா பாலா என்ற பழமையான குடியிருப்பு இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு வளர்த்து, பால் கறந்து, பொங்கல் கொண்டாடி வாழ்ந்தன. நிலம் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, அடுக்கு வீடுகள் கட்டுவோர் கைக்குப் போயிற்று. குடிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களிடம் காலமெல்லாம் வாழ்ந்த வாழ்க்கை இருந்தது, காகிதம் இல்லை. அந்தச் செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் நாம் வருந்தினோம். அன்னிய நாட்டில் தமிழன் வீடு இடிந்ததற்கு வருந்திய நாம், சொந்த நாட்டில் கையில் பட்டாவும் கிஸ்தி ரசீதும் வைத்துக்கொண்டு நிற்கும் தமிழனுக்கு என்ன பதில் சொல்வோம்?

சூளகிரிச் சீமையின் கவலை சிப்காட்டோடு நிற்கவில்லை. ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்திற்கு 3 கோடிப் பிரயாணிகளுக்கு ஏற்ற விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27-ந் தேதி சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. காஞ்சீபுரம் ஜில்லாவில் பரந்தூர் விமான நிலையத்திற்கு எதிராக ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் கிராம சபையைக் கூட்டித் தீர்மானத்துக்குமேல் தீர்மானமாக நிறைவேற்றியதைப் பார்த்தவர்களுக்கு, அந்த அறிவிப்பு எத்தகைய கலக்கத்தை உண்டாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாலூகாவிலிருந்து எத்தனை முறை, எத்தனை ஏக்கர் கேட்பது? அதற்கு ஓர் எல்லை உண்டா? திட்டங்களைத் தனித்தனியே பார்க்கும் சர்க்காருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. எல்லாத் திட்டங்களையும் ஒரே நிலத்தில் ஏற்கும் குடியானவனுக்கு அது தினந்தோறும் எழுகிறது.

சர்க்கார் செய்ய வேண்டியது என்ன? நாம் சொல்வன அசாத்தியமானவை அல்ல. முதலாவதாக, ஏற்கெனவே எடுத்த தொழிற்பேட்டைகளில் எத்தனை ஏக்கர் ஆலை எழும்பாமல் சும்மா கிடக்கிறது என்ற கணக்கைப் பேட்டை வாரியாக, மனை வாரியாக வெளியிட வேண்டும். பழைய பேட்டை நிரம்புமுன் புதிய பேட்டைக்கு ஒரு செண்டும் கேட்கலாகாது. இரண்டாவதாக, 105-ஏ பிரிவு என்ன சொன்னாலும், நன்மை தீமை விசாரணையையும் நூற்றுக்கு எண்பது பேர் சம்மதத்தையும் சர்க்கார் தானாகவே மேற்கொள்ள வேண்டும். செய்யாதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த விசாரணை அறிக்கை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சாகி ஊர்ச் சாவடியில் கிடைக்க வேண்டும். பட்டாதாரர்களை மாத்திரமன்றி, வாரக்காரர்களையும் கூலிகளையும் மேய்ப்பவர்களையும் அதில் கணக்கெடுக்க வேண்டும். மூன்றாவதாக, வருஷத்திற்கு ஆறு முறை கூடும் கிராம சபையின் தீர்மானத்தை வெறுங் காகிதமாகக் கருதாமல், அதற்குப் பதிலெழுதக் கலெக்டர் கடமைப்பட்டவராக வேண்டும். நான்காவதாக, விற்க விரும்புகிறவனிடம் சந்தை விலைக்கு வாங்குவதும், விற்க விரும்பாதவனிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து வருஷா வருஷம் வாரம் கொடுப்பதும் ஆலோசிக்கத் தக்கவை. ஐந்தாவதாக, ஐந்து வருஷத்திற்குள் உபயோகிக்கப்படாத நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். நிலத்திற்காகப் போராடியவர்கள் மீதுள்ள வழக்குகளையும் வாபஸ் வாங்க வேண்டும்.

குடியானவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உங்கள் பலம் ஒற்றுமையில் இருக்கிறது. முதலில் பெரிய பட்டாதாரனைத் தனியே அழைத்து விலை பேசுவதும், பிறகு அவனைக் காட்டிச் சிறியவனை மிரட்டுவதும் தரகர்களின் பழைய உபாயம். முல்ஷியின் பாடத்தை மறவாதீர்கள். ஆதரவு தெரிவிக்க வரும் எந்தக் கட்சியையும் வரவேற்றுக் கொள்ளுங்கள். ஆனால் ஆட்சிக்கு வந்தால் 105-ஏ பிரிவை நீக்குவீர்களா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வாராவிட்டால் அந்த ஆதரவின் விலை உங்களுக்கே தெரிந்துவிடும். உங்களோடு உழைக்கும் கூலிக்காரனையும் வாரக்காரனையும் போராட்டத்தில் மாத்திரமன்றி, கோரிக்கையிலும் சேர்த்துக் கொள்ளுங்கள். நிலமில்லாதவனை விட்டுவிட்டு நிலமுள்ளவன் கேட்கும் நியாயம் பாதி நியாயந்தான். சாத்விக வழியினின்றும் ஒரு கணமும் பிறழாதீர்கள். பிறழும் அந்தக் கணத்திற்காகத்தான் எதிர்த்தரப்பு காத்திருக்கும்.

நகரங்களில் வசிக்கும் படித்த வகுப்பாருக்கும் இதில் பொறுப்புண்டு. காலையில் காப்பிக்குப் பிறகு பத்திரிகையில் புதிய ஆலை வருகிறது என்ற செய்தியைப் படித்து மகிழ்ந்துவிட்டு, மத்தியானம் தட்டில் விழும் தக்காளி எந்த நிலத்தில் விளைந்தது என்பதை எண்ணாமலிருப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தேசத் தொண்டர்கள் உத்தனப்பள்ளிக்கும் மேல்மாவுக்கும் ஏகனாபுரத்திற்கும் சென்று, கேட்டு, கண்டதை ஜனங்களிடையே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரும் தன் போராட்டத்தைத் தனியே நடத்திக்கொண்டிருக்கும் வரையில், சர்க்காருக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே அலுப்படையச் செய்வது எளிது.

நாட்டின் சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்கள், நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு டில்லியோ சென்னையோ விடை சொல்லிவிட வேண்டுமென்று சிறை செல்லவில்லை. அந்த விடையைச் சொல்வதில் ஊர்க் குடிகளுக்கும் வாய் வேண்டும் என்பதே அவர்களுடைய சுயராஜ்யம். உத்தனப்பள்ளிக் குடிகள் கேட்பதும் அந்த வாயைத்தான். அவர்கள் சரி என்றால் ஆலை எழும்பட்டும். வேண்டாம் என்றால் ராகியும் கொத்தமல்லியும் ரோஜாவும் விளையட்டும். கேளாமல் எடுப்பது மாத்திரம் வேண்டாம். குடியானவன் கிஸ்தி கட்டத் தவறவில்லை. சர்க்காரும் தன் வாக்குத் தவறாதிருக்க வேண்டும்.